முந்திரித் தீர்ப்பு

ராஜப்பா வக்கீல் ஒரு கேஜைத் தேடிக்கொண்டிருந்தார். சுரங்கம், ஆளை உள்ளே இறக்கும் கேஜ் என்கிற இரும்புக் கூண்டு, ஷிப்ட், விதவை எல்லாம் ஒன்றாக வருகிற பழைய தீர்ப்பு ஒன்று அகப்பட்டால் போதும், ரத்தினம்மாவின் வழக்கு ஜெயித்த மாதிரிதான் என்பது அவர் கணக்கு. ராபர்ட்சன்பேட்டை ஆபீசில் சட்டப் புத்தகங்கள் மேஜையிலிருந்து நாற்காலிக்கு இறங்கிவிட்டன.

ரத்தினம்மாவின் புருஷன் வேலு, ஷிப்ட் முடிந்து மேலே வந்தபின் செத்துப்போனவன். தங்கத்தை ஒளித்து எடுத்துப் போகிறானா என்று ஒவ்வொருவனையும் துணி அவிழ்த்துப் பார்க்கிற சோதனைக் கொட்டகையில், ஈரத் தரையில் வழுக்கி விழுந்து மண்டை உடைந்தது. வேலை முடிந்த பிறகு செத்ததற்கு நாங்கள் பொறுப்பில்லை என்றது நிர்வாகம். வேலையில்தான் செத்தான் என்று கோர்ட் சொன்னால் அவளும் இரண்டு பெண்களும் கம்பெனி கொடுத்த லைன் வீட்டிலேயே இருக்கலாம். இல்லாவிட்டால் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

டைப்பிஸ்ட் ஃப்ளோரா ஒரு தீர்ப்பைக் கொண்டுவந்து வைத்தாள். எங்கோ கடலோரத்தில் ஒரு முந்திரி ஆலை. வேலை முடிந்த பெண்களை, மடியில் பருப்பு இருக்கிறதா என்று தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். அப்படி வரிசையில் நின்ற ஒருத்தி மேல் கதவு சாய்ந்தது. சோதனை முடிகிறவரை அவள் முதலாளியின் பிடியில் இருந்தாள், ஆகவே வேலையில்தான் செத்தாள் என்று எழுதியிருந்தார் அந்த நீதிபதி.

"இது அப்படியே நம்ம கேஸ் சார்."

"இன்னாம்மா நீ? ரெண்டு மைல் ஆழம் எறங்குற ஆளும், முந்திரிக்கொட்ட ஒடைக்கிற பொம்பளையும் ஒண்ணா? ஜட்ஜு சிரிப்பாரு. எடுத்துனு போ."

வாய் சாமர்த்தியத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. உண்மை வேறு. ராஜப்பா நந்திதுர்க் சுரங்கத்து லைனில் பிறந்தவர். அவருடைய அப்பாவும் ஆயுசு பூராவும் அந்தக் கொட்டகையில் கோவணத்தோடு கைதூக்கி நின்றவர்தான். லைன்களில் கேஜைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார்கள், பாறை வெடித்ததைப் பேசுவார்கள், கொட்டகை வந்தால் மட்டும் பேச்சு மாறிவிடும். கறுப்புக் கோட்டு போட்டபின் அந்த மானக்கேட்டை நாலு பேர் எதிரில் சொல்ல ராஜப்பாவுக்கு உடம்பு கூசியது. மனுவில்கூட "வளாகத்தில் வழுக்கி விழுந்து" என்று பூசி மெழுகியிருந்தார்.

கடைசியில் அவர் தேடிய கேஜ் கிடைத்தது. கயிறு அறுந்து செத்த சுரங்கத் தொழிலாளி, அவன் விதவை, அவளுக்குச் சாதகமான தீர்ப்பு. ராஜப்பா அதைக் கோர்ட்டில் குரலை ஏற்றி இறக்கி வாசித்தார். எதிர்த்தரப்பு வக்கீல் சாவகாசமாக எழுந்தார்.

"அவன் வேலை நடுவில் செத்தான். இவன் வேலை முடிந்து செத்தான். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?"

நீதிபதி ராஜப்பாவைப் பார்த்தார். "வேலை முடிந்தவன் அங்கே எதற்கு நின்றுகொண்டிருந்தான்?"

அந்த ஒரு கேள்விக்கு உள்ளதைச் சொல்லியிருந்தால் போதும். ராஜப்பா திரும்பிப் பார்த்தார். பின்வரிசையில் லைன் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான்" என்றார்.

வழக்கு தள்ளுபடியானது. அந்தப் பதிலும் பதிவாகிவிட்டது. இனி எந்த மேல்கோர்ட்டுக்குப் போனாலும் அது அவருக்கு முன்னால் போய் நிற்கும்.

வெளியே ரத்தினம்மா சின்னப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பக்கத்தில் ஃப்ளோரா, கேஸ் கட்டுகளோடு.

"நம்ம கேஸு மாதிரி வேற எங்கியுமே நடக்கலியா சார்?" என்றாள் ரத்தினம்மா.

இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஃப்ளோரா இருந்ததால் முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு முந்திரி ஆலையைப் பற்றிச் சொன்னார்.

"பொம்பளைங்களயுமா தடவிப் பாக்கறாங்க?"

"ஆமாம்மா."

அவள் சின்னப் பெண்ணைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"அத்த அவங்க வக்கீலு கோர்ட்ல எல்லார் எதிர்லயும் சொன்னாரா சார்?"

ராஜப்பாவுக்குக் கோட்டைக் கழற்றிவிட்டு எங்காவது ஓடிவிடலாம் போல் வெட்கமாக இருந்தது.

"சொன்னாரும்மா."