விரல் போன இடம்

1

ஆட்காட்டி விரலின் விலை, சம்பாதிக்கும் சக்தியில் நூற்றுக்குப் பதினாலு. நான் சொல்லவில்லை, தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. வலது கையானாலும் இடது கையானாலும் ஒரே விலை. குன்றத்தூர் ஜவுளிக் கடையில் வளர்ந்த எனக்கு, பேரம் பேச முடியாத விலை என்றாலே சந்தேகம். இந்தக் கதை அந்தச் சந்தேகத்தில் முளைத்தது.

கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கும் சில்வியா சொன்னது. சட்டமும் வட்டார ஆய்வும் சேர்ந்த முதுகலை படிக்கிறாள். ஒரே படிப்பு, இரண்டு பட்டம். (ஒன்று வாங்கினால் ஒன்று இலவசமா என்று கேட்டேன். சிரித்தாள். அது போன வருஷம்.)

2

கதைக்கு முதல் வரி: வல்லம் வடகாலில் நெல் விளைந்த மண்ணில் இன்று இரும்பு...

வேண்டாம். நிலத்தை விற்றவர்களுக்கே அந்த வரி அலுத்துவிட்டது.

ஏலவார்குழலி பிரஸ் மெஷினில் கையை விட்டாள்.

இது பொய். மெஷின்தான் அவள் கைமேல் இறங்கியது. (வழக்கே இந்த வித்தியாசத்துக்குத்தான்.)

3

குழலி வல்லம் வடகால் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. விரல் போன அன்றைக்கு சூப்பர்வைசர் சொல்லி, லீவில் போன இன்னொருத்தியின் கேட் பாஸில் ஓ.டி. பார்க்கப் போனாள். அதனால் அவள் அங்கே இருந்ததற்கு அவள் வாயைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

இழப்பீட்டு மனுவைச் சில்வியாதான் எழுதினாள். "ஒரு எழுத்து மாறக்கூடாது" என்றார் சட்டப் பேராசிரியர். அதே குழலியை ஆய்வேட்டிலும் எழுதினாள். "ஆள் யாரென்று தெரியக்கூடாது, எல்லாவற்றையும் மாற்று" என்றார் வட்டார ஆய்வுப் பேராசிரியர். இருவருக்கும் கீழ்ப்படிந்தாள். பேரை மாற்றி, தொழிற்சாலையைச் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் தூக்கி வைத்தாள். முன்னுரையில் 'பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன' என்று போட்டவள், இடமும் மாறியதைப் போட மறந்தாள். பேச்சை மட்டும் தொடவில்லை:

"ஆஸ்பத்திரில கண்ணு முழிச்சு எண்ணிப் பாத்தேன், ஒம்போதுதான் கீது."

மனுவிலும் இதே வாக்கியம். ஆய்வேடு கல்லூரி இணையதளத்தில் ஏறியது. கம்பெனி வக்கீல் படிக்கத் தெரிந்தவர்; இரண்டிலும் ஒரே வாக்கியம் இருப்பதைப் பிடித்துவிட்டார்.

"விரல் போனது தெரிகிறது. எங்கே போனது? எழுதிய பெண்ணே இரண்டு இடம் சொல்கிறார்."

4

குழலி மாடிக்கு வந்து சில்வியாவைக் கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். (இல்லை, மாடிப்படியில் நின்று கேட்டேன்.)

"உன் பேரு வெளிய வரக்கூடாதுன்னுதான்க்கா..."

"பேரை மாத்து, வேணாங்கல. என் மெஷினை ஏம்மா அம்மாந்தூரம் தள்ளி வெச்ச?"

"அது வழக்கம்க்கா."

"சரி, நீ கேஸுக்கு வந்து மாத்திட்டேன்னு சொல்லு."

"சொன்னா, இடம் மாத்தினத ஏன் போடலைன்னு காலேஜுல ஆய்வேட்ட விசாரணைக்கு எடுப்பாங்கக்கா. ரெண்டு பட்டமும் நின்னுபோகும்."

"சொல்லலைனா?"

சில்வியா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்த சத்தம் கேட்டது.

"யோசிச்சு சொல்லு. நான் எங்க போப்போறேன், வேலையா கீது?"

5

முடிவு ஒன்று: சில்வியா சாட்சி சொல்கிறாள், பட்டமும் பிழைக்கிறது. இந்தத் துணியை நான் எவ்வளவோ பேருக்கு விற்றிருக்கிறேன். முதல் சலவைக்கே சாயம் போகும்.

முடிவு இரண்டு: அவள் வரவில்லை. குழலி தனியே நின்று

இதை முடிக்க என் கை வரவில்லை. வழக்கு விசாரணை திங்கட்கிழமை. மாடியில் அவள் அறைக் கதவு மூன்று நாளாகச் சாத்தியே இருக்கிறது. நானும் இங்கே பேர்களை மாற்றியிருக்கிறேன். இடத்தை மாற்றவில்லை. வல்லம் வடகால். வேண்டுமானால் அந்த வக்கீல் இதையும் படிக்கட்டும்.

கணக்கு எழுதாமல் ஷட்டரை இறக்கிப் பழக்கமில்லை:

விரல், ஒன்று.
அது போன இடம், மனுவில் ஒன்று, ஆய்வேட்டில் ஒன்று.
பட்டம் இரண்டு, கைக்கு வரவில்லை.
சாட்சி, பாக்கி.