காலி மனையில் சாரைச் சண்டை

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு காலி மனை. புதரும் உடைந்த சிமெண்ட் ஷீட்டும் போக மிச்சமெல்லாம் சாரைப் பாம்பு. எதிர்வீட்டுக் கல்லூரி டீச்சர் மூன்று வருஷமாக, பாம்புகள் இணைசேரும் காலம் வந்தால் மதில்மேல் கேமராவை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அவை கூடுவதை முழுசாகப் படம் பிடித்தால்தான் அவருடைய ஆராய்ச்சி முடியும். முடிந்தபாடில்லை. விலைக்கு வாங்க வருகிறவர்கள்கூட ஒரு காலி மனையை இத்தனை நேரம் பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்த வருஷம் மனைக்காரர், திங்கட்கிழமை பொக்லைன் வந்து புதரை வழிக்கும் என்று சொல்லிவிட்டார். டீச்சர் போய்ப் பத்து நாள் தவணை கேட்டார். மனிதர் மசியவில்லை.

சனிக்கிழமை காலை மனைவியோடு அளவெடுக்க வந்தவர், மதிலோரம் அப்படியே நின்றுவிட்டார். இரண்டு சாரைகள் முறுக்கிய கயிறு மாதிரிப் பின்னிக்கொண்டு இடுப்பு உயரத்துக்கு எழும்பின, சரிந்தன, மறுபடி எழும்பின. மனைக்காரர் முகம் குழைந்துபோயிற்று. ஏதோ சின்னஞ்சிறுசுகள், அதுகள் பாட்டுக்குக் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று சொல்லித் திங்கட்கிழமையைத் தள்ளிவைத்தார். தெருவே கூடிவிட்டது. நானும் போனேன். அடுத்த வீட்டுச் சங்கதி என்றால் எனக்கு வேலை ஓடாது.

டீச்சர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. பாம்பு என்றால் சோறு தண்ணி மறந்து பேசுகிற பெண்ணுக்கு அன்று என்ன வந்தது? எனக்குப் பொறுக்குமா?

"டீச்சர், இதுல எது பொண்ணு, எது மாப்பிள்ளை?" என்று கேட்டுவைத்தேன்.

பொய் சொல்லத் தெரியாத ஜென்மம் அது. "ரெண்டுமே ஆண்தாங்க. இது சண்டை. யாரு தலையை யாரு தரையில அமுக்குறதுன்னு."

அவ்வளவுதான். இரண்டு ரவுடிப் பயல்கள் கட்டிப் புரளவா என் திங்கட்கிழமையை விட்டுக்கொடுத்தேன் என்று மனைக்காரர் கொதித்தார். போனை எடுத்துப் பொக்லைன் டிரைவரைக் கூப்பிட்டார். சாரைக்கு விஷம் கிடையாது என்பார்கள். டீச்சர் என்னைப் பார்த்த பார்வையில் இருந்தது.

எதற்காக இந்த அடிதடி என்று மனைக்காரர் மனைவி கேட்டார். பக்கத்தில் எங்கேயோ ஒரு பெண் பாம்பு இருக்கும், ஜெயிக்கிறவன் அவளைத் தேடிப் போவான் என்றார் டீச்சர்.

"அவ எங்க?"

"அதைத்தாங்க மூணு வருஷமா தேடிட்டிருக்கேன்."

போனுக்குள் டிரைவர் ஹலோ ஹலோ என்று கத்துவது எனக்கே கேட்டது. மனைக்காரர் காதில் விழவில்லை. "இப்ப எவன் கை ஓங்கியிருக்கு?" என்றார்.

"வால்நுனி அறுந்தவன் கைதான் சார். ஆனா இன்னும் முடியலை."

பாம்புக்கு ஏது கை என்று அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை. நாளைக்குக் கூப்பிடுகிறேன் என்று டிரைவரிடம் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அந்த 'நாளை' ஒரு வாரம் நீண்டது; இரண்டு சாரைகளும் தினம் வந்து மோதின. மதிலோரம் நாற்காலி வந்தது, குடை வந்தது, தெரு இரண்டு கட்சியாயிற்று. மனைக்காரர், வால் அறுந்தவன் கட்சி. அவர் மனைவி சும்மா இருப்பாரா, எதிர்க்கட்சி.

எட்டாம் நாள் காலை சிமெண்ட் ஷீட்டோரம் வால் அறுந்தவன் ஒருத்தியோடு கிடந்தான். இரண்டும் நீளவாக்கில் ஒட்டிக்கொண்டு, வால்களை மட்டும் சுற்றிக்கொண்டு, செத்ததுபோல. கால் மணி நேரம் போயிற்று, அரை மணி போயிற்று, ஒரு புரளல் இல்லை. கூட்டம் கொட்டாவி விட்டுக் கலைந்தது. இதற்குச் சண்டையே தேவலை என்று மனைக்காரர் மனைவியும் கிளம்பினார். டீச்சர் மட்டும் ஒன்றேமுக்கால் மணி நேரம் கேமராவை விட்டு நகரவில்லை. நிமிர்ந்தபோது கன்னம் நனைந்திருந்தது.

"நான் கேட்டது கிடைச்சிருச்சு சார். இனி உங்க இஷ்டம்," என்றார், குரல் இறங்கி.

மனைக்காரர் போனை எடுத்து டிரைவர் நம்பரைத் தேடினார். விரல் பாதியில் நின்றது. "முட்டை எப்பம்மா போடும்?"

"மாசக்கணக்குல ஆகும் சார்."

போன் சட்டைப்பைக்குள் திரும்பிப் போயிற்று.

"வாயும் வயிறுமா இருக்கிறவளை வெளியே போன்னு சொல்ல நான் என்ன அரக்கனா?"