நெற்றிப் பொட்டு இட்ட பிளாப்பி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு உள்ளொளியில் உதித்ததல்ல, மாடிப்படியில் நின்று ஒட்டுக் கேட்டது. சின்ன காஞ்சிபுரத்தில் வரலக்ஷ்மி மாமி வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். கீழே பேசினால் மேலே கேட்கும். மேலே நான் எதையாவது எழுதினால் அது எப்படியோ கீழே தெரிந்துவிடும். எழுதிப் பிழைக்க இதைவிட மோசமான இடம் கிடையாது.

போன மாதம் ஒரு பத்திரிகை ஆசிரியர், "இது ரெண்டாயிரத்து ரெண்டு சார், கம்ப்யூட்டர் கதை ஒண்ணு கொடுங்களேன், இளைஞர்கள் படிக்கணும்" என்றார். எனக்குக் கம்ப்யூட்டரில் தெரிந்தது சீட்டாட்டம் ஒன்றுதான். சரி என்று சொல்லிவிட்டேன்.

தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

*கோபுரத்தின் மேல் அந்திச் சூரியன் தன் செங்கதிர்*

(வேண்டாம். காஞ்சிபுரத்தில் கதை நடந்தால் முதல் வரியில் கோபுரம் வந்தே ஆகவேண்டும் என்று யாரோ சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள்.)

*பட்டுச் சேலையின் ஜரிகை போல மின்னிய அவள்*

(இது அதைவிடக் கேவலம்.)

*ஸுதர்சன் சிடியை உள்ளே தள்ளினான்.*

இது பரவாயில்லை. நடந்ததும் இதுதான்.

2

ஸுதர்சன் மாமியின் பிள்ளை. கல்லூரியில் படிப்பதாகப் பேச்சு. அவன் வாங்கிய கம்ப்யூட்டர் பத்திரிகையோடு ஒரு சிடி இலவசமாக வந்தது. லினக்ஸ் என்று இன்னொரு சிஸ்டமாம். ஏற்கெனவே இருக்கிற விண்டோஸுக்குப் பக்கத்திலேயே குடியேறி, இரண்டும் ஒரே பெட்டியில் சமர்த்தாக இருக்கும் என்று பத்திரிகை சத்தியம் செய்திருந்தது. சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் மத்தியானம், அக்கா கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து ஆரம்பித்தான்.

(இங்கே ஒரு விளக்கம். தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். கம்ப்யூட்டரைப் போட்டதும் அதை எழுப்பி, 'இந்த சிஸ்டத்தை ஓட்டு' என்று கையைக் காட்ட ஒரு குட்டி நிரல் உண்டு. பூட்லோடர் என்பார்கள். அது டிஸ்கின் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருக்கும். அது உளறினால் உள்ளே இருப்பது எதுவும் எழுந்திருக்காது.)

புது சிஸ்டம் தன் பூட்லோடரைத் தலைமாட்டில் வைக்கட்டுமா என்று கேட்டது. கோயிலில் முதல் தீர்த்தம் யாருக்கு என்பதைத் தலைமுறை தலைமுறையாகப் பேசித் தீராத ஊர் இது. இவனோ நேற்று வந்த இலவச சிடிக்கு முதல் மரியாதையைத் தூக்கிக் கொடுத்துவிட்டான். கேட்ட எல்லாவற்றுக்கும் 'எஸ்' அமுக்கினான்.

(இதைப் படித்ததும் 'ஆகா, இரண்டு சிஸ்டம், வடகலை, தென்கலை, குறியீடு!' என்று கிளம்பப்போகும் விமர்சகரே, உட்காருங்கள். மாமியின் கம்ப்யூட்டர் வெறும் கம்ப்யூட்டர்தான்.)

மறுபடி போட்டபோது கறுப்புத் திரையில் எல், ஐ என்று இரண்டே ஆங்கில எழுத்து வந்து நின்றது. விண்டோஸும் இல்லை, லினக்ஸும் இல்லை. ஸுதர்சன் என்ன செய்தான்? சத்தமில்லாமல் அணைத்துவிட்டு, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று கிரிக்கெட் ஆடப் போனான். விண்டோஸை எழுப்ப ஒரு பிளாப்பி வீட்டிலேயே இருந்ததால் அவ்வளவு தைரியம்.

3

ஒரு பாத்திரத்தை இன்னும் அறிமுகப்படுத்தவில்லை. ஸ்ரீவல்லி, ஸுதர்சனின் அக்கா. எம்.சி.ஏ. முடித்தவள். அவள் படித்து முடிக்கவும் சாப்ட்வேர் கம்பெனிகள் ஆளைக் குறைக்கவும் சரியாக இருந்தது. போட்ட விண்ணப்பமெல்லாம் கிணற்றில் போட்ட கல். கடைசியில் சென்னையிலிருந்து ஒரே ஒரு கம்பெனி கூப்பிட்டது. சொந்தமாக எழுதிய நிரல் ஒன்றைக் கொண்டுவந்து ஓட்டிக் காட்ட வேண்டும். நாள்: விஜயதசமி காலை. அமெரிக்காக்காரனுக்கு வேலை செய்கிறவர்களுக்கு ஏது விஜயதசமி?

ஆசிரியர் கேட்டால் இந்த இடத்தில் ஒரு காதலைச் செருகச் சொல்வார். ஸ்ரீவல்லி எழுதியிருந்தது சிராத்தத் திதி பார்க்கும் நிரல். ஒருவர் இறந்த தேதியைக் கொடுத்தால், இந்த வருஷம் எந்தத் தேதியில் திதி வருகிறது என்று சொல்லும். இதில் காதலை எங்கே செருக?

சோதனைக்கு அவள் போட்டுப் பார்த்த முதல் தேதி அவள் அப்பாவுடையது. இதை எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். "எழுதிக்கோங்கோ சார். அழுகாச்சியாப் பண்ணிடாதீங்கோ" என்றாள். பண்ணவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

கெட்டிக்காரி. நிரலை ஒரு பிளாப்பியிலும் எடுத்து வைத்திருந்தாள்.

4

சரஸ்வதி பூஜையன்று ஸுதர்சன் எழுந்தபோது வெயில் வந்துவிட்டது. அதற்குள் மாமி எல்லாவற்றையும் முடித்திருந்தாள். புஸ்தகம், பேனா, பிளாப்பி, சிடி எல்லாம் ஹயக்ரீவர் படத்துக்கு முன்னால் அடுக்கி, மேலே பட்டுத்துணி. கம்ப்யூட்டருக்குக் கதம்ப மாலை. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். இனி மறுநாள் காலை மறுபூஜை ஆகும்வரை யாரும் எதையும் தொடக்கூடாது, படிக்கக்கூடாது.

ஸுதர்சன் அப்போதுதான் வாயைத் திறந்தான். ஸ்ரீவல்லி அவனை என்ன சொல்லித் திட்டினாள் என்பதை ஆசிரியர் அச்சடிக்க மாட்டார்.

"அம்மா, அந்த ரெண்டு பிளாப்பிய மட்டும் எடுத்துக் குடும்மா. ஒண்ணைப் போட்டா மிஷின் எழுந்துண்டுடும், இன்னொண்ணு அக்காவோட ப்ரோக்ராம்."

"ஹயக்ரீவர் காலடியில வெச்சாச்சுடா. நாளைக்கு மறுபூஜை ஆகட்டும்."

"அவ அதுக்குள்ள பஸ் ஏறிடுவாம்மா."

"நேத்திக்கே இதைச் சொல்றதுக்கு என்ன?"

ஸுதர்சன் சைக்கிளை எடுத்துக்கொண்டு செவிலிமேட்டுக்கு ஓடினான். அங்கே பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் சிட்டிபாபு அவனுக்குச் சினேகிதன், நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை. சென்டரில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் பொட்டு, வாசலில் உடைத்த பூசணிக்காய்.

"பூஜை போட்டாச்சிப்பா. இன்னிக்கு ஒரு மிஷினும் தொடக்கூடாது" என்றான் சிட்டிபாபு. "எங்க ஊட்டுல தறியே கட்டிக்கினு கெடக்குது. உனுக்கு பிளாப்பி கேக்குதா?"

"அர்ஜென்டுடா."

"நாளைக்கு சாயங்காலம் மேல நானே வந்து சரி பண்ணித் தரேன். இந்தா, பொரி சாப்புடு."

ஊரில் எந்தக் கம்ப்யூட்டரைக் கேட்டாலும் அன்றைக்கு இதே பதில்தான் கிடைத்திருக்கும். ஊரே தன் கருவிகளைக் கும்பிட்டுவிட்டு அவற்றைத் தொடப் பயந்து உட்கார்ந்திருந்தது. ஸுதர்சன் பொரியோடு திரும்பினான்.

5

இங்கே இரண்டு முடிவு எழுதி வைத்திருந்தேன்.

முடிவு அ (குடும்பப் பத்திரிகைக்கு): மாமி மனமிரங்கி பிளாப்பியைத் தருகிறாள், கம்ப்யூட்டர் எழுகிறது, எல்லாரும் சர்க்கரைப் பொங்கல் சாப்பிடு

முடிவு ஆ (சிற்றிதழுக்கு): மாமி மறுக்கிறாள். ஸ்ரீவல்லி மாலையைப் பிய்த்தெறிந்துவிட்டு, மரபின் கதவை அறைந்து சாத்தி

இரண்டாவதை எழுதினால் இலக்கிய நண்பர்கள் தோளில் தட்டிக்கொடுப்பார்கள். ஸ்ரீவல்லி படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அம்மா அப்படிப் பண்ணலை சார். உங்களுக்கே தெரியும்."

தெரியும். படியில்தானே நின்றுகொண்டிருந்தேன்.

ஸ்ரீவல்லி அம்மாவிடம் எதுவும் கேட்கவே இல்லை. மாலை போட்ட கம்ப்யூட்டருக்கு எதிரில் நாற்காலியைப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாப்பிடவும் வரவில்லை. மத்தியானத்துக்கு மேல் மாமி கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பட்டுத்துணியை விலக்கினாள். இரண்டு பிளாப்பியையும் எடுத்தாள். கம்ப்யூட்டர் மாலையையும் அவளே கழற்றினாள்.

"பெருமாள்ட்ட நான் சொல்லிக்கறேன். நீ போட்டுப் பாரு."

எந்த வருஷமும் அந்த வீட்டில் நடக்காத காரியம் அது. ஸுதர்சன் எழுப்பும் பிளாப்பியை உள்ளே தள்ளினான். கர்ர் என்றது. மறுபடி தள்ளினான். மறுபடி கர்ர். வெளியே எடுத்து அதன் பளபளத் தகட்டை நகர்த்திப் பார்த்தான். உள்ளே இருக்கும் கறுப்பு வட்டம் முழுக்க ஈரச் சந்தனம். இன்னொன்றும் அப்படியே.

புஸ்தகத்துக்கு அட்டையில் பொட்டு. பேனாவுக்கு மூடியில். பிளாப்பிக்கு எங்கே வைப்பது? காலையில் மாமி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, தகட்டின் மேல் தாராளமாக வைத்திருக்கிறாள்; அது இடுக்கு வழியாக உள்ளே இறங்கிவிட்டது.

"நெத்தின்னு நெனச்சேண்டி" என்றாள்.

ஸ்ரீவல்லி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த இடத்தில் எனக்குக் கிண்டல் எதுவும் வரவில்லை. மன்னிக்கவும்.

6

விஜயதசமியன்று ஸ்ரீவல்லி வெள்ளென எழுந்து பஸ் ஏறினாள். துடைத்துக் காயவைத்த பிளாப்பியும் கூடப் போனது. கம்பெனியில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். இடுக்கில் குங்குமம். "இதை எங்க மிஷின்ல போட முடியாதும்மா" என்றார் ஒருவர். இன்னொருவர் சிரித்தாராம்.

"அப்போ போர்டுல எழுதிக் காட்டட்டுமா சார்?"

எழுதினாள். திதிக் கணக்கை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை நினைவிலிருந்தே எழுதினாள். உதாரணத்துக்கு ஒரு தேதி கேட்டார்கள். தன் அப்பாவின் தேதியைச் சொன்னாள். சிரித்தவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார் என்று எழுத ஆசை. அவள் கரும்பலகையைப் பார்த்து நின்றதால் கவனிக்கவில்லையாம்.

அன்று சாயங்காலம் சிட்டிபாபு சொன்னபடி தன் பிளாப்பியோடு வந்தான். ஒரே ஒரு கட்டளை அடித்தான். விண்டோஸ் எழுந்துகொண்டது. எதுவும் அழியவில்லை, நிரல் இருந்த இடத்திலேயே இருந்தது. தகராறு முழுக்க வாசலில்தான் நடந்திருக்கிறது. சென்னையிலிருந்து திரும்பி வந்த ஸ்ரீவல்லி, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று திரையைப் பார்த்தாள்.

7

முடிவு எங்கே என்று ஆசிரியர் கேட்கிறார். ஒரு வரியில் அவளுக்கு வேலை போட்டுக் கொடுக்க என்னால் முடியும். ஆனால் நாளைக்கு இதைப் படிக்கப்போகிறவள் அவள். பொய்யாக வேலை கொடுத்தால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்? வேலை இல்லை என்று எழுதவோ எனக்குக் கை வரவில்லை. தீபாவளியும் வந்து போய்விட்டது. தபால்காரர் தெருவில் நுழைந்தால் மாமி வாசலுக்கு வருகிறாள். மகளுக்குத் தெரியக்கூடாதென்று கோலத்தைச் சரிசெய்வது போலக் குனிந்துகொள்கிறாள்.

இந்தப் பத்திரிகை சென்னையிலும் விற்கிறது. அந்த அறையில் உட்கார்ந்திருந்த யாராவது ஒருவர் இதைப் படிக்கலாம். ஐயா, முடிவு என்னிடம் இல்லை, உங்கள் மேஜையில் இருக்கிறது. அவள் எழுதி முடித்துக் கையைத் தட்டிக்கொண்டு திரும்பியபோது, தெரியப்படுத்துகிறோம் என்று சொல்லி அனுப்பினீர்கள்.

தெரியப்படுத்துங்கள்.