ஆறுக்கு அப்புறம் எட்டு

நகரின் வடபகுதிக்கு ஐந்து ஆழ்குழாய்க் கிணறுகளிலிருந்து தண்ணீர் போகிறது. ஐந்தையும் ஓட்டுவதும் நிறுத்துவதும் அளப்பதும் அவள் வேலை. தெருவில் எல்லோருக்கும் அவள் மோட்டாரக்கா. மின்விசிறி நின்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். மின்விசிறி பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது.

காலையில் மோட்டாரைப் போடும் முன்பே அளந்துவிட வேண்டும். இரவெல்லாம் ஓடாமல் கிடந்தால்தான் தண்ணீர் ஏறித் தன் மட்டத்தில் நிற்கும். ஓடவிட்டு அளப்பது மாடிப்படி ஏறி வந்தவனுக்கு நாடி பார்ப்பது போல.

அளவு டேப் ஒரு சுருளில் இருக்கும். மஞ்சள் நிறம், தட்டை, உள்ளே இரண்டு கம்பிகள். நுனியில் விரல் தடிமனில் ஓர் உலோகத் துண்டு. அது தண்ணீரைத் தொட்டதும் சுருள் கீச்சிடும். அப்போது குழாயின் வாயில் எந்த எண் நிற்கிறதோ அதுதான் ஆழம். முதல் இருபது மீட்டரை யாரும் பார்ப்பதில்லை. சர்ரென்று இறங்கிவிடும். பிறகுதான் கையை மெதுவாக்க வேண்டும்.

அன்று மூன்றாம் கிணற்றில் முப்பத்திரண்டு தாண்டிக் கீச்சிட்டது. மேலே இழுத்து மறுபடி விட்டாள். அதே எண்.

பம்ப் அறைச் சுவரில் ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு பலகை உண்டு. மூன்றாம் பலகையில் முப்பத்திரண்டில் சிவப்புக் கோடு. தண்ணீர் அதற்குக் கீழே போனால் மோட்டார் காற்றை இழுக்கலாம். கோடு தாண்டினால் பக்கத்திலுள்ள தனியார் கிணறுகளுக்குச் சீல் வைக்க வேண்டும், மட்டம் மறுபடி ஏறும்வரை. விதி அது.

மூன்றாம் கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு தனியார் கிணறு இருந்தது. சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம், சலவைக்கூடத்தில். சலவைக்கூடம் அவள் தங்கையுடையது.

பொறியாளருக்கு போன் செய்தாள்.

“மத்த நாலும் எப்படி?”

“அதுவும் இறங்கியிருக்கு சார். வெயில் காலம்ல.”

“சரி. மூணுக்கு ஆள் அனுப்புறேன். சுவருக்கு அந்தப் பக்கம் யாரு, லாண்டரியா?”

“ஆமா சார்.”

யாருடைய லாண்டரி என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

சீல் வைக்க வந்தவர் ஸ்டார்ட்டர் பெட்டியின் காதுகளில் கம்பியைக் கோர்த்து ஈயத்தை நசுக்கினார். தங்கை துணி மலைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தாள். மருத்துவமனைப் போர்வைகள், விடுதித் துண்டுகள். ஒரு மெஷின் பாதியில் நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் சோப்பு நுரை மெல்ல இறங்கியது.

“ஏன்க்கா, ஒரு தடவ கொஞ்சம் கம்மியா எழுதினா உன் கை வெந்துடுமா?”

“கோடு தாண்டிடுச்சுடி. மோட்டார் எரிஞ்சா நாலு தெருவுக்குத் தண்ணி இல்ல.”

“நான் ஒண்ணும் சொல்லல. நீ அள. நல்லா அள.”

தங்கையின் கணவன் உட்கார இடமில்லாமல் துணி மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தான். “டிவிலதான் கோடு விழும், சகலை வந்து சரி பண்ணுவாருன்னு நெனச்சேன். அக்கா எங்க வீட்டுலயே கோடு இழுத்துட்டாங்க.”

யாரும் சிரிக்கவில்லை. மோட்டாரக்காவின் கணவர் டிவி மெக்கானிக். அவனுக்குச் சகலை.

அதன் பிறகு தங்கை போனை எடுக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் சத்தம் இல்லை. பம்ப் அறையில் உட்கார்ந்திருக்கும்போது அது தெரிந்தது. ஒரு நாள் மருத்துவமனை வண்டி வந்து போர்வைகளைத் துவைக்காமலே ஏற்றிக்கொண்டு போனது. வேறு சலவைக்கூடம் பார்த்துவிட்டார்கள்.

மட்டம் ஏறவில்லை. சலவைக்கூடம் மூடிய பின்பும் டேப் முப்பத்திரண்டைத் தாண்டியே கீச்சிட்டது. அவள் மோட்டார் ஓடும் நேரத்தைக் குறைத்துப் பார்த்தாள். குழாயடியில் இரண்டு பெண்கள் அவள் காதுபடவே, “மோட்டாரக்கா தண்ணிய வீட்டுக்கு எடுத்துட்டுப் போறா போல” என்றார்கள். அப்படியும் ஏறவில்லை.

அவள் வீட்டுப் படுக்கை விரிப்புகள் எப்போதும் தங்கையின் மெஷினுக்குத்தான் போகும். இப்போது வீட்டிலேயே துவைத்தாள். கையால் பிழிந்தது. தண்ணீர் சொட்டச் சொட்டக் கனத்தது. பின்வாசலில் கொடியில் போட்டாள். கயிறு தொய்ந்தது. ஜன்னல் கம்பியில் கயிற்றைக் கட்டியிருந்த மஞ்சள் நாடா பாரத்தில் இறுகித் திரும்பிக்கொண்டது. உள்பக்கம் வெளியே வந்தது.

அதில் சிவப்பில் 7 என்று இருந்தது.

ஈரக் கையோடு நின்றாள்.

வெயில் தொடங்கிய சமயம், ஐந்தாம் கிணற்றில் டேப் சிக்கியிருந்தது. ஐந்தில் அளப்பதற்குத் தனிக் குழாய் கிடையாது. மோட்டாரின் கேபிளுக்கும் குழாய்க்கும் இடையில்தான் விட வேண்டும். பலங்கொண்டு இழுத்தாள். வந்தது. ஓரிடத்தில் நசுங்கி, கம்பி வெளியே தெரிந்தது. கீச் சத்தம் இல்லை. புதுசு கேட்டால் எப்படி நசுங்கியது, யார் இழுத்தது என்று ஆரம்பிப்பார்கள். கணவரிடம் கொடுத்தாள். அவர் அன்றே சாப்பாட்டு மேசையில் வைத்துப் பற்றவைத்து, மேலே பிளாஸ்டிக் சுற்றிக் கொடுத்தார். கீச் வந்தது. அவள் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள்.

இப்போது நாடாவின் முடிச்சை அவிழ்த்தாள். கொடி சரிந்தது. விரிப்பு தரையில் விழுந்தது. எடுக்கவில்லை.

கணவர் கடையிலிருந்து வந்ததும் நாடாத் துண்டை மேசைமேல் வைத்தாள்.

“இது எங்க இருந்து வந்துது?”

“உன் டேப்புதான். நல்ல நாடா, தூக்கிப் போட மனசு வரல. கயித்துக்கு ஆச்சுன்னு கட்டினேன்.”

“எவ்வளவு வெட்டினீங்க?”

“நசுங்கினது மொத்தம். உள்ள கம்பி ரொம்ப தூரம் கருத்திருந்துச்சு. அத விட்டுட்டு ஒட்டினா நிக்காது.” அவர் அவள் முகத்தைப் பார்த்தார். “ஏன், சத்தம் வரலயா?”

அவள் சுருளை எடுத்து வந்து சமையலறையிலிருந்து வாசல்வரை தரையில் விரித்தாள். நாலு. அஞ்சு. ஆறு. ஒட்டு. எட்டு.

அவர் குனிந்து பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

“நான் கம்பியத்தாம்மா பாத்தேன். நம்பர பாக்கல.”

“நான் நம்பரத்தான் பாத்தேன். இந்த நம்பர பாக்கல.”

துண்டை அளந்தார்கள். ஒரு மீட்டர். தண்ணீர் ஒரு மீட்டர் மேலேயே இருந்திருக்கிறது. மூன்றில் மட்டுமல்ல, ஐந்து கிணறுகளிலும். எல்லாம் ஒன்றாக இறங்கியதும் வெயில் என்று சொன்னது அவள்தான்.

கணவர் நீண்ட நேரம் ஒட்டைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, “ஒண்ணு பண்ணு. நாளைக்கு ஒரு மீட்டர் கழிச்சு எழுதிடு. உண்மையும் அதான? மட்டம் ஏறிடுச்சுன்னு போன் போடு. சீல எடுத்துருவாங்க. உனக்கும் வம்பில்ல, அவங்களுக்கும் வழி பிறந்துரும்.”

அவள் யோசித்தாள். நல்ல யோசனையாகத்தான் இருந்தது. தங்கைக்கு நாளையே தண்ணீர். யாருக்கும் எதுவும் தெரியாது. டேப்பை எங்காவது கிணற்றில் தவறவிட்டுப் புதுசு கேட்கலாம்.

“எதனால ஏறுச்சுன்னு கேப்பாங்க” என்றாள்.

“என்ன?”

“லாண்டரிய மூடினோம். மட்டம் ஒரு மீட்டர் ஏறிடுச்சு. அப்ப யாரு உறிஞ்சினா?”

அவர் ஒட்டிலிருந்து கையை எடுத்தார்.

“அடுத்த வெயிலுக்கு மட்டம் பாக்கவே மாட்டாங்க. நேரா போய் மூடிடுவாங்க. ஒரேயடியா.”

“அப்ப என்ன பண்ணப் போற?”

“சொல்லப் போறேன்.”

“உன் வேலை?”

அவள் டேப்பைச் சுருட்டத் தொடங்கினாள். எட்டு. ஒட்டு. ஆறு.

மறுநாள் பொறியாளர் அலுவலகத்தின் நடைபாதையில் அவளே டேப்பை விரித்துக் காட்டினாள். துண்டையும் கையில் கொடுத்தாள். அவர் காலணியைக் கழற்றிவிட்டு டேப்பின் பக்கமாக நடந்து போனார். ஒட்டின் அருகில் உட்கார்ந்தார்.

“யார் ஒட்டினது?”

“வீட்டுக்காரர் சார். நான்தான் குடுத்தேன்.”

“சுத்தமா ஒட்டியிருக்காரு.”

“டிவி மெக்கானிக் சார்.”

“புதுசு கேட்டிருந்தா குடுத்திருப்பேனே.”

“குடுத்திருப்பீங்க. அதுக்கு முன்னாடி திட்டியிருப்பீங்க.”

அவர் எழுந்து காலணியைப் போட்டுக்கொண்டார். “அஞ்சும் ஒரே அளவு இறங்கினப்பவே நான் யோசிச்சிருக்கணும். நீங்களும்தான்.” சற்று நின்று, “எழுதிக் குடுங்க. மேல அனுப்பணும். உங்கள மோட்டார்லயே வச்சிருப்பாங்களா, வேற எங்கயாவது போடுவாங்களான்னு என்னால சொல்ல முடியாது.”

“சரி சார்.”

“லாண்டரி உங்க சொந்தமாமே. சீல் வச்சவர் சொன்னாரு.”

“தங்கச்சி சார்.”

அவர் அலமாரியிலிருந்து புது டேப்பை எடுத்துக் கொடுத்தார்.

புது டேப் மூன்றாம் கிணற்றில் சிவப்புக் கோட்டுக்கு ஒரு முழம் மேலேயே கீச்சிட்டது. ஒன்றுமுதல் எல்லா எண்களையும் பார்த்துக்கொண்டே இறக்கினாள். நேரம் பிடித்தது.

சாயங்காலம் சீல் வைத்தவரே வந்து கம்பியை வெட்டினார். தங்கை ஸ்டார்ட்டரை அழுத்தினாள். குழாய் இருமிவிட்டுத் தண்ணீரைத் துப்பியது. முதலில் கலங்கலாக, பிறகு தெளிவாக. தங்கையின் கணவன் வாளியைப் பிடித்தான். வாளி நிரம்பி வழிந்தது. அவன் நிறுத்தச் சொல்லவில்லை.

மோட்டாரக்கா நடந்ததை முழுக்கத் தங்கையிடம் சொன்னாள்.

“நீயா போய் சொன்னியா?”

“ஆமா.”

“மாமா என்ன சொன்னாரு?”

“ஏறிடுச்சுன்னு எழுதச் சொன்னாரு.”

தங்கை கொஞ்சம் யோசித்தாள். “எழுதியிருந்தா பழி எங்க தலையில.”

“அதான்.”

“சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது.”

“ம்.”

கூடத்தில் துணி மலை இருந்த இடம் காலியாக இருந்தது. மெஷின்களின் கண்ணாடிக் கதவுகள் திறந்து கிடந்தன.

“தண்ணி வந்துடுச்சு” என்றாள் தங்கை. “துணி வரல.”

“விடுதிக்காரங்க திரும்ப வருவாங்க.”

“வரலாம். ஆஸ்பத்திரி வராது.”

மோட்டாரக்கா கிளம்பினாள். வாசலைத் தாண்டும்போது தங்கை கூப்பிட்டாள்.

“உன் வீட்டு பெட்ஷீட்டெல்லாம் என்ன பண்ண?”

“கையால துவைச்சேன்.”

“வெளுத்திருக்காது.”

“வெளுக்கல.”

“கொண்டா. மெஷின சும்மா ஓட்டி சோதிக்க முடியாது.”

வீட்டுக்குப் போய் விரிப்பை எடுத்து வந்தாள். நேற்று விழுந்த இடத்திலேயே கிடந்து காய்ந்திருந்தது. தங்கை வாங்கி உதறினாள். மண் கொட்டியது.

“என்னக்கா இது, தெருவுல போட்டுப் புரட்டினியா?”

“கொடி விழுந்துடுச்சு. கட்டுறதுக்கு டேப் இல்ல.”

துணி மூட்டைகள் இல்லாததால் தரையில் உட்கார்ந்திருந்த தங்கையின் கணவன் சத்தமாகச் சிரித்தான். தங்கை சிரிக்கவில்லை. விரிப்பை மெஷினுக்குள் திணித்து, கதவைச் சாத்தி, பொத்தானை அழுத்தினாள்.