மைக் அண்ணனும் பிரேக் அக்காவும்

பிரேக் அக்கா சட்டமன்ற உறுப்பினரானதற்கு முழுக் காரணம் அவளுடைய அண்ணனின் கையெழுத்துதான். இன்னும் சரியாகச் சொன்னால், அவர் போட மறந்த கையெழுத்து.

அவள் பத்தொன்பது வருடமாக ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தி வந்தாள். பள்ளி என்றால் ஒரு அறை, ஒரு மேஜை, சுவரில் சாலை விதிகளின் படம், வாசலில் இரண்டு சின்னக் கார்கள். அவள் உட்காரும் பக்கத்திலும் காலுக்குக் கீழே ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்ள வந்தவர்களுக்குப் பாடம் மறந்தாலும், காதுக்குப் பக்கத்தில் அவள் போட்ட "பிரேக்! பிரேக்!" என்ற கூச்சல் மட்டும் ஆயுசுக்கும் மறக்காது. பெயர் அப்படித்தான் வந்தது. ஊரில் பாதிப் பேர் அவளிடம் படித்து லைசென்ஸ் வாங்கியவர்கள். மீதிப் பேரில் பலர், அவள் டெஸ்டுக்கு அனுப்ப மறுத்ததால் இன்னும் பஸ்ஸில் போகிறவர்கள்.

அண்ணன் வேறு ரகம். கட்சியில் இருபத்திரண்டு வருடம். மைக்கைக் கண்டால் அவர் கால் தானாக மேடை ஏறும். கடைத் திறப்பு விழாவில் பேசுவார், பள்ளி ஆண்டு விழாவில் பேசுவார், ஒருமுறை கரண்ட் ஆபீஸ் வரிசையில் நின்றபடியே இருபது நிமிடம் பேசி, தன் முறை வந்ததைக் கவனிக்காமல் விட்டார். மைக் அண்ணன் என்றால்தான் ஆளைத் தெரியும். ஆனால் வண்டி ஓட்டத் தெரியாது. கூட்டத்துக்கெல்லாம் தங்கைதான் கொண்டுபோய் விடுவாள். அவர் மேடையில் முழங்கும்போது அவள் காரில் வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருப்பாள். எந்த வரியில் கைதட்டல் விழும், எந்த வரியில் அவர் துண்டை உதறுவார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கடைசி வரிக்கு இரண்டு வரி முன்னால் இன்ஜினைக் கிளப்பிவிடுவாள்.

இருபத்திரண்டாவது வருடம் கட்சி அண்ணனுக்குச் சீட்டுக் கொடுத்தது. மனுத் தாக்கல் செய்யும் நாளில், கூடவே மாற்று வேட்பாளராக ஒருவரும் மனுக் கொடுக்க வேண்டும் என்றார் மாவட்டச் செயலாளர்.

"அது எதுக்குண்ணே?" என்று கேட்டாள் அக்கா.

"வண்டிக்கு ஸ்டெப்னி இருக்கில்ல, அந்த மாதிரி. என் மனு ஓகே ஆனதும் உன்னுது தானா செல்லாமப் போயிடும். வெளியாள் யாரையாவது போட்டா, நாளைக்குக் கொம்பு முளைக்கும். நீன்னா கவலை இல்ல. சும்மா கையெழுத்துப் போட்டுட்டு வா."

மூன்றாம் நாள் மனுப் பரிசீலனை. அலுவலக அறையில் தேர்தல் அதிகாரி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். அண்ணனின் உறுதிமொழிப் பத்திரத்தில் மூன்றாம் பக்கம் வந்ததும் நிறுத்தினார். கண்ணாடியைக் கீழே இறக்கினார்.

"இங்க கையெழுத்து இல்லையே சார்."

அண்ணன் சிரித்தபடி பேனாவை எடுத்தார். "அதுக்கென்ன, இப்பப் போட்டுடறேன்."

"நேத்து மூணு மணிக்குள்ள போட்டிருக்கணும். இப்பப் போட்டா உங்க பேனா மைதான் வீண்."

மனுக் கொடுத்த அன்று வாசலில் நின்ற பதினேழு பேருக்கு, கேட்டவர் கேட்காதவர் எல்லோருக்கும், வளைத்து வளைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர் அவர். உள்ளே போட வேண்டிய இடத்தில் கோட்டை விட்டார். அக்காவின் மனுவிலோ ஒரு புள்ளி பிசகில்லை. பத்தொன்பது வருடம் லைசென்ஸ் விண்ணப்பம் நிரப்பிய கை அது.

அண்ணன் நான்கு நிமிடம் பேசவில்லை. அவர் அப்படி இருந்து யாரும் பார்த்ததில்லை என்பதால் செயலாளர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். தண்ணீரைக் குடித்து முடித்ததும் அண்ணனுக்குத் தெம்பு வந்துவிட்டது.

"ஒண்ணும் குடி முழுகிப் போயிடல. நிக்கிறது அவ, பேசறது நான், ஜெயிக்கிறது நாம!"

சுவரொட்டியிலும் அதே கணக்குதான். அண்ணன் முகம் வாசல் கதவு அளவுக்கு இருந்தது. மூலையில் தபால்தலை அளவில் அக்கா. அவளுடைய வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். சுவரொட்டியை வெகுநேரம் பார்த்துவிட்டு, "உன்னைப் பார்க்கிறதுக்குன்னே நாலு பேர் நம்ம கடையில கண்ணாடி வாங்குவாங்க" என்றார்.

ஆனால் தெருவில் இறங்கியபோது வேறு கதை நடந்தது. அண்ணன் வேனின் மேலே நின்று நாட்டு நிலைமையைப் பேசிக்கொண்டிருக்க, ஜனங்கள் கீழே அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அக்கா, டெஸ்டுக்கு அனுப்ப மாட்டேன்னு மூணு மாசம் இழுத்தடிச்சீங்களே, ஞாபகம் இருக்கா?"

"நாலு மாசம். இப்பவாவது திரும்பும்போது கண்ணாடியப் பார்க்கிறியா?"

ஒரு அம்மா மகளைக் கூட்டி வந்து காட்டினாள். "இவங்ககிட்டதான் நான் கத்துக்கிட்டேன். பதினஞ்சு வருஷமாச்சு, வண்டியில ஒரு கீறல் கிடையாது."

அறுநூற்றுப் பதினொரு ஓட்டு வித்தியாசத்தில் அவள் ஜெயித்தாள். சான்றிதழை வாங்கும்போது தப்பான வண்டியில் ஏறிவிட்டவளைப் போல விழித்தாள்.

அண்ணனுக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை. தொகுதி அலுவலகத்தில் பெரிய நாற்காலியில் அவரே உட்கார்ந்து மனு வாங்கினார். வந்தவர்களுக்குக் கால் மணி நேரம் பதில் சொல்வார். அவர்கள் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, வாசலில் நிற்கும் அக்காவிடம் மறுபடியும் ஒரு முறை விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போவார்கள். அவள் அதைச் சின்ன நோட்டில் குறித்துக்கொள்வாள். காலை ஆறிலிருந்து எட்டு வரை வகுப்பு எடுப்பதை மட்டும் அவள் நிறுத்தவில்லை.

சட்டமன்றத்தில் அவளுடைய கன்னிப் பேச்சு பதினோரு விநாடி நீடித்தது. வணக்கம் சொன்னாள், தொகுதியின் பெயரைச் சொன்னாள், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் எழுத்தில்தான் கேட்டாள். குறிப்பாக ஒரு விஷயத்தை. பள்ளிக்கூட வாசலுக்குப் பக்கத்தில் சாலை ஒரு திருப்பம் திரும்பும். அந்தப் பக்கத்திலிருந்து வரும் லாரி, மூக்குக்கு முன்னால் வந்த பிறகுதான் கண்ணில் படும். அங்கே ஒரு சிக்னல் வேண்டும். ஒன்பது தடவை எழுதினாள். ஒன்பது தடவையும் "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்தது.

சாலைத் துறை அமைச்சர் ஒரு கட்டடம் திறக்க ஊருக்கு வந்தபோது அவள் விடவில்லை. நேரில் போய்க் கேட்டாள்.

"அந்த ரோட்டுல நான் எத்தனையோ தடவை போயிருக்கேனேம்மா. எனக்கு ஒண்ணும் ஆபத்தா தெரியலையே" என்றார் அமைச்சர்.

"பின் சீட்டுலதானே போயிருக்கீங்க?"

சுற்றி நின்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அமைச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, என்ன பண்ணணும்ங்கறே?"

"உங்களுக்கு லைசென்ஸ் இருக்குதுங்களா?"

"இருக்கு. ஓட்டித்தான் பன்னிரண்டு வருஷமாச்சு."

"பரவாயில்லைங்க. என் பக்கமும் பிரேக் இருக்கு."

பள்ளி விடும் நேரம். சின்னக் காரில் அமைச்சர் ஸ்டியரிங்கைப் பிடித்தார். பின்னால் அவருடைய காவலர் முழங்காலை மடக்கித் தாடையில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அக்கா வழக்கம்போல ஆரம்பித்தாள். பெல்ட் போடுங்க, கண்ணாடியச் சரி பண்ணுங்க, கிளட்சை மெதுவா விடுங்க, மெதுவான்னா மெதுவா. கார் இரண்டு முறை குதித்து, மூன்றாவது முறை நகர்ந்தது. திருப்பத்துக்கு வந்ததும் எதிரே சைக்கிள்கள், பிள்ளைகள், புத்தகப் பைகள். பள்ளிக்கூடச் சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு லாரி எட்டிப் பார்த்தது.

"பிரேக்! பிரேக்!"

அமைச்சரைப் பார்த்து அப்படிக் கத்திய கடைசி ஆள் அவருடைய அப்பாவாகத்தான் இருக்க வேண்டும். அவர் கால் அசையும் முன்பே அவள் கால் அழுத்திவிட்டது. அமைச்சரின் மூக்குக்கண்ணாடி பறந்து முன்பக்கம் விழுந்தது.

"இன்னொரு ரவுண்டு போலாங்களா?" என்றாள்.

போனார்கள். அந்தத் தடவை லாரிக்குப் பதிலாக ஒரு தண்ணீர் வண்டி. மூன்றாவது ரவுண்டுக்கு அமைச்சர் மறுத்துவிட்டார். இறங்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, சாலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நாற்பதாவது நாள் சிக்னல் வந்துவிட்டது. முதல் முறை சிவப்பு விழுந்து, லாரி ஒன்று முனகிக்கொண்டு நின்று, பிள்ளைகள் வரிசையாகக் கடந்து போனபோது அவள் ஓரமாக நின்று பார்த்தாள். இந்த வேலை தனக்குப் பிடித்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த தேர்தல் வந்தது. அண்ணன் அவள் வீட்டுச் சமையலறைக்கே வந்து, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அஞ்சு வருஷம் எனக்காகப் பார்த்துக்கிட்ட. போதும்மா, உனக்கும் ஓய்வு வேணும். இந்தத் தடவை எல்லாப் பக்கத்துலயும் கையெழுத்துப் போட்டுடறேன்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். வாயைத் திறந்தாள். பதினோரு விநாடி ஓடியது. "சரிண்ணே" என்றாள்.

அவர் போன பிறகு வீட்டுக்காரர் கேட்டார். "உனக்கு வேணும்னு அவர்கிட்ட சொன்னியா?"

"அவர் கேக்கலையே."

"அவர் எப்ப யாரைக் கேட்டிருக்காரு?"

தங்கை மனதார வேலை செய்தாள். வீடு வீடாகப் போனாள், அண்ணனுக்காகக் கையெடுத்துக் கும்பிட்டாள். ஜனங்களும் தலையாட்டினார்கள். எட்டாயிரத்துச் சொச்சம் ஓட்டில் அண்ணன் தோற்றார். ஓட்டுப் போட்டுவிட்டு வந்த ஒரு பெரியவர், அண்ணன் பக்கத்தில் நிற்பதைக் கவனிக்காமல் அவளிடம், "பட்டியல்ல மேலேயும் கீழேயும் தேடினேன், உன் பேரைக் காணலையேம்மா, கோவத்துல வேற எவனுக்கோ அழுத்திட்டேன்" என்று சொல்லியிருந்தார். அண்ணனுக்கு அது முள்ளாகத் தைத்தது.

மூன்று மாதம் அவர் வெளியே வரவில்லை. தங்கை போன் செய்தால் எடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் நேரே போய்விட்டாள். மாடியறையில், பழைய கூட்டங்களின் புகைப்படங்களுக்கு நடுவே, தாடியோடு உட்கார்ந்திருந்தார்.

"இருபத்தேழு வருஷம் தொண்டை கிழியப் பேசினேன்" என்றார். "அவங்க உன்னைத் தேடியிருக்காங்க."

அவளுக்கு ஆறுதல் சொல்லத் தோன்றியது. அதைச் சொல்லவில்லை.

"அண்ணே, எனக்கு அந்த வேலை பிடிச்சிருந்துச்சு. நீங்க வந்து கேட்டப்பவே சொல்லியிருக்கணும். பயந்துட்டு விட்டுக் குடுத்துட்டேன். அடுத்த தடவை நான்தான் நிப்பேன். உங்களுக்குக் கோவம் வந்தாலும் நிப்பேன்."

அண்ணன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவர் கேட்டதில்லை.

"என்கிட்ட இருந்து அந்தச் சீட்டைப் பிடுங்கறேன்னு சொல்ற."

"ஆமா."

வெகுநேரம் தாடியைத் தடவினார். "நான்தானே அதை உன்னுது இல்லன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றார் கடைசியில். குரல் உடைந்திருந்தது. உடனே சமாளித்துக்கொண்டார். "ஆனா மன்றத்துல நீ பேசற லட்சணம் இருக்கே... மொத தடவை எவ்வளவு நேரம் பேசின?"

"பதினோரு செகண்டு."

"பதினோரு செகண்டா? நான் மூச்சு இழுக்கவே அது பத்தாது! எழுந்திரு. நில்லு. தோளை ஏன் இப்படித் தூக்கி வெச்சிருக்க? கீழ விடு. மெதுவா. மெதுவான்னா மெதுவா!"

அது கார் வகுப்பில் அவள் சொல்லும் சொல் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அடுத்த நான்கரை வருடம் ஞாயிறுதோறும் அவர் மாடியில் பாடம் நடந்தது. தேர்தல் வந்தபோது அவள் ஏழு நிமிடம் வரை தடங்கல் இல்லாமல் பேசினாள். அதற்கு மேல் தேவைப்பட்ட இடத்தில் அண்ணன் பேசினார், நடுவில் யாராவது கையைப் பிடித்து இழுக்கும் வரை. பதினான்காயிரம் ஓட்டில் ஜெயித்தாள்.

ஊர்வலத்துக்குக் கட்சி ஒரு திறந்த ஜீப் அனுப்பியது. அண்ணனும் தங்கையும் பின்னால் நின்று கையசைத்தார்கள். கடைத்தெரு மேட்டில் முன்னால் கூட்டம் தேங்கியது. வண்டி நின்றது. ஓட்டுநர் மறுபடி கிளப்பியபோது அது பின்னால் சரிந்தது. இன்னொரு முறையும் சரிந்தது. பின்னால் மேளக்காரர்கள் அலறிக்கொண்டு விலகினார்கள்.

அக்காவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. குதித்து இறங்கி, ஓட்டுநரை நகரச் சொல்லி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தாள். கைப்பிரேக்கை விட்டாள், கிளட்சைக் காலால் தடவிக் கொடுத்தாள், ஜீப் அலுங்காமல் மேடு ஏறியது.

ஜீப்பின் பின்புறத்தில் அண்ணன் தனியாக நின்றிருந்தார். தலைக்கு மேல் இரண்டு கையையும் கூப்பி, இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை குனிந்தார். மாடிகளிலிருந்து பூத் தூவினார்கள். விவரம் தெரியாத யாரோ வெளியூர்க்காரர், "எம்.எல்.ஏ. ஐயா வாழ்க!" என்று கத்தினார். அண்ணன் மறுப்பதற்காக வாயைத் திறந்தார்.

"ஜனங்க ஆசையா சொல்றாங்க, கையை ஆட்டுங்கண்ணே" என்றாள் அக்கா, கண்ணாடியைப் பார்த்து. "நான் மெதுவாப் போறேன்."

முதல் கியரிலேயே, கடைத்தெரு முடியும் வரை, அவள் மெதுவாகப் போனாள்.