தளவாய் சட்டையின் பீடி ஓட்டை

ரயிலில் அடிபட்டுச் செத்த தளவாய், தன் சட்டைப்பைக்கு மேலிருந்த ஓட்டை வழியாகப் பீடிப் புகை விட ஆரம்பித்தது அறுபத்து நான்காம் வருஷத்து மழையில். அப்போது தாராவியில் மண்ணெண்ணெய்க்குப் பெரிய தட்டுப்பாடு. ஆகவே சால் என்கிற வரிசை வீடுகளில் குடியிருந்தவர்கள் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முன்பு தோல் பட்டறை விட்டு அவன் வீடு திரும்பும் சாயங்கால நேரத்துக்குச் சரியாக, ஆணியில் தொங்கும் சட்டையிலிருந்து புகை சுருண்டு வரும். பெண்டாட்டி பேராச்சி, "வந்துட்டியளா?" என்று கேட்டுவிட்டு உலை வைப்பாள்.

வேடிக்கை என்னவென்றால், ஓட்டை அடைப்பதுதான் அவள் பிழைப்பே. ஊசியைத் தொடமாட்டாள். துணியின் உள்மடிப்பைச் சுரண்டிப் பஞ்சு எடுத்து, கஞ்சியில் குழைத்து ஓட்டையில் அப்பி, ஈரத்துணி போர்த்தி, கரி போட்ட இஸ்திரிப் பெட்டியால் அழுத்துவாள். ஆவி அடங்கும்போது ஓட்டை இருந்த இடம் தெரியாது. மாட்டுங்கா ஆபீஸ்காரர்களின் சட்டையெல்லாம் அவளிடம்தான் வரும். ஆனால் அந்தந்தத் துணிக்கு அதனதன் பஞ்சையே வைக்க வேண்டும். வேறு பஞ்சு வைத்தால், மறுநாள் பஞ்சு கொடுத்த துணிக்கு ஓட்டை குடிபோய்விடும். ஒருதரம் கிளார்க் ஜகந்நாதன் சட்டைக்கு அவர் பெண்டாட்டி புடவைப் பஞ்சை வைத்துவிட்டு அவள் வாங்கிய பேச்சு கொஞ்சநஞ்சமல்ல.

இரண்டு வருஷம் கழித்து, மகள் இசக்கியைப் பெண் கேட்டு ஆண்டாப் ஹில்லிலிருந்து நாளைக்கு வருகிறோம் என்று தகவல் வந்தது. பேராச்சியின் தம்பி அய்யாத்துரை அக்காவிடம் ஓடி வந்தான்.

"யக்கா, செத்த மனுசன் பீடி குடிக்கிற வீட்டுல எவன் பொண்ணு எடுப்பான்? அந்த ஓட்டைய அடைச்சிரு."

"ஏலே, அடைச்சா அவியளுக்கு மூச்சு முட்டாதா?"

"ஒன் மவ வாழ வேண்டாமா?"

பேராச்சி ஆணிப் பக்கம் போனாள். சட்டையை எடுத்துப் புரட்டினாள். உள்மடிப்பில் சுரண்டப் பஞ்சே இல்லை. உயிரோடிருந்தபோது தளவாய் பீடியால் சுட்டுக்கொண்ட ஓட்டைகளுக்கே எல்லாம் போயிருந்தது. கை தானாகத் தன் முந்தானைக்குப் போயிற்று. சுரண்டினாள், அப்பினாள், அழுத்தினாள். அன்று சாயங்காலம் புகை வரவில்லை. இனி அவர் வரமாட்டார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பிணம் வந்த அன்று அழாத அழுகையையெல்லாம், பாவி, அன்றைக்கு அழுதாள்.

மறுநாள் சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். காபி கொடுக்கக் குனிந்த பேராச்சியின் முந்தானையில், நெஞ்சுக்கு நேராக, புகை எழும்பியது. அய்யாத்துரை கண்ணை இறுக மூடிக்கொண்டான். மாப்பிள்ளையின் அப்பா வானமாமலை மூக்கை உறிஞ்சினார்.

"அட, நம்மூர்ப் பீடில்லா! சம்பந்தி இருக்காவளா?"

"இருக்காவ," என்றாள் பேராச்சி.

"அப்ப அவியட்டயும் ஒரு வார்த்த கேட்டுருவோம்."

கேட்டார்கள். புகை தாராளமாக வந்தது. தை மாதம் கல்யாணம் நடந்தது.

அதற்குப் பிறகு பேராச்சி எந்தப் புடவை கட்டினாலும் அதே இடத்தில் அந்த ஓட்டை வந்துவிடும். அவள் அடைக்கவில்லை. சாயங்கால பஸ்ஸில் கண்டக்டர், யார் பீடி பிடிப்பது என்று சத்தம் போட்டால், இறங்கும் இடம் வரும்வரை உள்ளங்கையால் அதை மூடிக்கொள்வாள். இறுக்காமல், மூச்சு முட்டாதபடிக்கு.