நிறமில்லாத நெருப்பு

அந்த அம்மா பள்ளி வாகனம் ஓட்டுபவர். நெற்றியோரம், முடி தொடங்கும் இடத்தில் ஒரு கட்டி. மரத்துப்போக மட்டும் ஊசி போட்டிருந்தோம், ஆபரேஷன் மேசையில் விழித்தபடியே படுத்திருந்தார். மூக்கில் ஆக்சிஜன் குழாய், முகத்தின் மேல் துணி, தலைமாட்டில் மயக்க மருத்துவர்.

ஸ்பிரிட் கலந்த மருந்தைத் தடவியவள் நான். அது காயாமல், ரத்தக்கசிவைச் சுட்டு நிறுத்தும் சூட்டுக்கருவியைத் தொடக்கூடாது.

"காஞ்சிருச்சா?" என்று கேட்டார் டாக்டர்.

தோலைப் பார்த்தேன். முடிக்குள் பார்க்கவில்லை.

"காஞ்சிருச்சு சார்."

கருவிகளை எடுத்துக் கொடுத்தவர் மூத்த நர்ஸ். நடை ஆமை நடை என்பதால் எங்களுக்கு அவர் எக்ஸ்பிரஸ் அக்கா.

"அக்கா, கத்தி இன்னிக்கு வந்து சேருமா?"

"சிக்னல் விழுந்தா வரும் சார்."

துணிக்கடியில் அந்த அம்மாவும் சிரித்தார்.

டாக்டர் ரத்தம் கசிந்த இடத்தைச் சூட்டுக்கருவியால் தொட்டார். கொஞ்ச நேரத்தில் துணிக்கடியிலிருந்து தயங்கித் தயங்கி ஒரு குரல் வந்தது.

"காதுகிட்ட யாரோ சூடா மூச்சு விடுற மாதிரி இருக்கும்மா."

நானும் மயக்க மருத்துவரும் குனிந்து பார்த்தோம். பெரிய விளக்கின் வெளிச்சத்தில் துணி துணியாகத்தான் இருந்தது.

"ஒண்ணும் இல்லையே," என்றார் டாக்டர்.

அக்கா பார்க்கவே இல்லை. "ஆக்சிஜனை நிறுத்துங்க" என்று சொல்லும்போதே துணியை உருவித் தரையில் எறிந்தார். உப்புநீர்க் கிண்ணத்தை அந்தத் தலையில் கவிழ்த்தார். மயக்க மருத்துவர் ஆக்சிஜன் குமிழைத் திருகி மூடினார்.

துணி மேசையின் நிழலில் விழுந்தது. அங்கேதான் நெருப்பு கண்ணுக்குத் தெரிந்தது. மெல்லிய நீலம். சத்தமில்லை, புகையில்லை. அத்தனை அழகான ஒன்றை அந்த அறையில் நான் பார்த்ததே இல்லை. மூன்று ஜோடிக் கண்களுக்கு அகப்படாததை, முகம் மூடிக் கிடந்தவரின் ஒரு சொல்லை நம்பி அக்கா பிடித்துவிட்டார். ஈரத்துணி போட்டு அணைத்தேன்.

அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. பார்த்தேன். கன்னம் அப்படியே இருந்தது. காதோரம் நாலு முடி கருகியிருந்தது, அவ்வளவுதான்.

"என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார் அந்த அம்மா.

"தீப்பிடிச்சிருச்சும்மா. முடி ஈரமா இருந்திருக்கு. காஞ்சிருச்சுன்னு சொன்னது நான்தான்."

நெடுநேரம் என்னையே பார்த்தார்.

"கண்ணுல தண்ணி போகுது," என்றார். "துடைச்சு விடு."

துடைத்தேன். கையுறையைத் தாண்டி அந்தக் கன்னத்தின் வெதுவெதுப்பு விரலுக்கு வந்தது. துடைத்து முடித்த பிறகும் கையை எடுக்க முடியவில்லை.